வெட்டி எறியும் இடத்தில் ஒரு வலை: மேச்சேரி ஆடு ஒன்றின் சினைப்பைக் கட்டி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கால்நடை மருத்துவன். இந்த ஆட்டுக்குச் சினை என்று சொன்னவன் நான்தான். சினை இல்லை.

மேச்சேரிக்கும் நங்கவள்ளிக்கும் நடுவில் ஒரு வறண்ட ஊர். வெள்வேல மரமும் கொழுக்கட்டைப் புல்லும்தான் மேய்ச்சல், கோடையில் கடலைக்கொடியும் சோளத்தட்டும். அங்கே 19 செம்மறி வைத்திருக்கும் ஓர் அம்மா. எல்லாம் மேச்சேரி இனம். வெளிர் பழுப்பு நிறம், கம்பளி இல்லாத குட்டை முடி, கிடாவுக்கும் பெட்டைக்கும் கொம்பு கிடையாது. தோலுக்குப் பேர்போன இனம் இது. பொட்டனேரியில் இதற்கென்றே 1978 முதல் ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பத்ரகாளியம்மன் கோயில் மாசித் திருவிழா முடிந்த வாரம் அந்த அம்மா கூப்பிட்டார்.

புகார் எளிமையானது. எட்டுப் பல்லும் சேர்ந்த ஆடு, இரண்டு ஈற்று, இரண்டிலும் ஒற்றைக் குட்டி. மேச்சேரிக்கு ஒற்றைக் குட்டிதான் வழக்கம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கடைசிக் குட்டி போட்டு ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. பருவத்துக்கு வருகிறது, கிடா ஏறுகிறது, சினை நிற்கவில்லை. அதே கிடாவுக்கு மந்தையில் மற்ற ஆடுகள் குட்டி போட்டுக்கொண்டிருந்ததால் கிடாவைச் சந்தேகிக்கக் காரணமில்லை. கடைசியாகக் கிடா ஏறி ஐந்து வாரம் என்றார்.

ஆடு நல்ல உடம்பு. கண் இமையில் சோகை இல்லை, மடி சுத்தம், கசிவு எதுவும் இல்லை. தொடை இடுக்கில் முடியில்லாத இடத்தில் ஜெல் தடவி ஸ்கேன் முனையை வைத்தேன். இடப்பக்கம் வட்டமாக, கருப்பாக, ஒரு நீர்ப்பை தெரிந்தது. இந்த இடத்தில் புதியவர்கள் சிறுநீர்ப்பையைப் பார்த்துவிட்டுச் சினை என்று சொல்லி மாட்டிக்கொள்வார்கள். நான் புதியவன் இல்லை அல்லவா? ஆட்டின் மூக்கையும் வாயையும் சில நொடி பொத்தினேன். செம்மறி அதற்குப் பயந்து சிறுநீர் விட்டுவிடும், பழைய தந்திரம். விட்டது. மறுபடி பார்த்தேன், கருப்பு வட்டம் அப்படியே இருந்தது. சிறுநீர்ப்பை இல்லை என்று உறுதியானதும் மிச்சம் இருப்பது சினைதான் என்று முடிவு கட்டினேன். ஐந்து வாரத்தில் குட்டி தெளிவாகத் தெரியாமல் போகலாம், நஞ்சுக்கொடிப் பொத்தான்கள் ஸ்கேனில் ஒழுங்காகத் தென்பட இன்னும் ஒன்றிரண்டு வாரம் ஆகும் என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். ஒரு சாத்தியத்தை விலக்கியதே இன்னொன்றுக்கு ஆதாரமாகிவிட்டது. அதுதான் தப்பு.

இரண்டு வாரம்கூட ஆகவில்லை, போன் வந்தது.

"தம்பி, சினைன்னீங்களே. நேத்துல இருந்து கெடாவ விட்டு நகர மாட்டேங்குது. சினை ஆடு கெடாவுக்கு நிக்குமா?"

பொதுவாக நிற்காது. செம்மறிக்குப் பருவச் சுழற்சி 17 நாள். இந்த ஆடு ஒழுங்காகச் சுற்றிக்கொண்டிருக்கிறது என்பதை அந்த அம்மாவின் ஒரு கேள்வி என் ஸ்கேனைவிடத் தெளிவாகச் சொல்லிவிட்டது. போய்ப் பார்த்தேன். அதே கருப்பு வட்டம், அதே அளவு, குறுக்கே 2.5 செ.மீ. சுற்றிலும் மெல்லிய வெள்ளைச் சுவர். அருகில் ஓரமாகச் சாம்பல் நிறத்தில் ஒரு பிறை. அன்று அந்தப் பிறையை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சரி, சினைப்பையில் நீர்க்கட்டி. மாட்டில் தினமும் பார்ப்பதுதான், செம்மறியில் அபூர்வம். மாட்டுப் பழக்கத்தில் பியூசெரலின் ஊசி போட்டேன். மூளையடிச் சுரப்பியைத் தூண்டி, முட்டையை வெளியேறவைக்கும் எல்.எச். ஹார்மோனைக் கொட்டவைக்கும் மருந்து அது. ஃபாலிக்கிள் என்பது முட்டை வளரும் சின்ன நீர்ப்பை. வெடிக்காமல் நின்றுபோன ஃபாலிக்கிள்தான் கட்டி என்றால், அந்த எல்.எச். அதன் சுவரை மாற்றிவிடும். பத்து நாள் கழித்துப் பார்த்தால் கட்டி ஒரு மி.மீ. கூடக் குறையவில்லை. இரண்டாவது தப்பு இது என்று அப்போது தெரியாது. யோசித்திருக்கலாம்: பெரிய ஃபாலிக்கிள் கட்டி இருந்தால் சுழற்சி குலைந்துபோவதுதான் வழக்கம். இந்த ஆட்டுக்கோ கடிகாரம் மாதிரி 17 நாள்.

வைகாசியில் அந்த அம்மா ஆட்டை விற்றுவிட்டார். "தீனி வாங்கிப் போட்டு வெறும் வயித்தோட எத்தன நாளு வச்சிருக்கறது தம்பி?" என்றார். நியாயம்தான். வாங்கியவர் எனக்குப் பழக்கமான கறிக்கடைக்காரர்.

"பாய், அந்த ஆட்டோட கர்ப்பப்பைய மட்டும் கத்தி படாம முழுசா எடுத்து வைங்க."

"ஈரல் கேப்பாங்க, குடல் கேப்பாங்க. இதக் கேக்கற மொத ஆளு நீங்கதான் சார்."

காலை ஆறரை மணிக்கு ஒரு தூக்குப்போசியில் ஐஸ் போட்டு வந்து சேர்ந்தது.

தட்டில் வைத்துப் பார்த்தது

கருப்பை சுத்தமாக இருந்தது. இரண்டு கொம்பும் கிடாக் கொம்பு போலச் சுருண்டு, உள்ளே மொட்டுகள் வெளிறி, சீழோ நாற்றமோ இல்லாமல். வலது சினைப்பை தோல் உரித்த பாதாம் பருப்பு அளவு. அதில் ஒரு கார்பஸ் லூட்டியம், முட்டை வெளியான ஃபாலிக்கிள் மாறி உருவாகும் திசு. புத்தகத்தில் இதற்கு மஞ்சள் கட்டி என்று பெயர், மாட்டில் உண்மையிலேயே மஞ்சளாக இருக்கும். செம்மறியில் அந்த நிறமி கிடையாது, இளஞ்சிவப்பாகத்தான் இருக்கும். முதல்முறை பார்க்கும் மாணவர்கள் ரத்தக்கட்டு என்று எழுதுவார்கள். ஆக வலப்பக்கம் முட்டை வெளியாகியிருக்கிறது, வேலை நடக்கிறது.

இடப்பக்கம்தான் விஷயம். சிறிய நெல்லிக்காய் அளவில் ஒரு பை. சுவர் நுங்கின் மேல்சவ்வு போல மெலிந்து, பின்னால் விரலை வைத்தால் ரேகை தெரியும் அளவுக்கு இருந்தது. சினைப்பை எங்கே என்று தேடினேன். பையின் ஒரு பக்கத்தில் பிறை வடிவில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஸ்கேனில் பார்த்த அதே சாம்பல் பிறை. பிறைக்குள்ளே 2, 3 மி.மீ. அளவில் ஃபாலிக்கிள்கள் வரிசையாக இருந்தன. அதாவது கட்டி சினைப்பையின் மேற்பரப்பிலிருந்து புடைக்கவில்லை. ரத்தக்குழாய் நுழையும் வாசல் பக்கத்திலிருந்து ஊதிப் பெருத்து, முட்டைகள் இருக்கும் புறணியை வெளியே தள்ளி ஓரங்கட்டியிருக்கிறது.

இந்த இட விவரம்தான் எல்லாவற்றையும் திருப்பிப் போட்டது. ஃபாலிக்கிள் கட்டி என்றால் புறணியில் பிறக்க வேண்டும், மேற்பரப்பில் புடைக்க வேண்டும். சினைப்பையைப் பிடித்திருக்கும் சவ்வில் வரும் கட்டி என்றால் சினைப்பையிலிருந்து விலகி, தனியாக ஆட வேண்டும். இது இரண்டுக்கும் நடுவில், வாசலில் உட்கார்ந்திருந்தது.

கருமுட்டைக் குழாய்களைச் சோதிக்கச் சாயம் தேவைப்பட்டது. மெத்திலீன் புளூ தீர்ந்துபோயிருந்தது. வீட்டில் துணிக்குப் போடும் சொட்டு நீலத்தைத் தண்ணீரில் கலந்து, கொம்பின் நுனியிலிருந்து ஊசிக்குழலால் மெதுவாகச் செலுத்தினேன். வலப்பக்கம் நீலம் தடையின்றிப் புனல் வாயில் எட்டிப் பார்த்தது. இடப்பக்கக் குழாய் கட்டியின் முதுகின் மேல் நாடா போல இழுபட்டுக் கிடந்தது. அழுத்திய பிறகுதான் சொட்டுச் சொட்டாக வந்தது.

கட்டியைக் குத்தி எடுத்த நீர் 8 மி.லி. தண்ணீர் மாதிரித் தெளிவு. விரலிடையில் வைத்துப் பார்த்தால் இழை இழுக்கவில்லை, ஒட்டவில்லை.

சுவரையும் வாசல் பகுதியையும் ஃபார்மலினில் போட்டுக் கல்லூரியில் திசுநோயியல் பார்க்கும் நண்பருக்கு அனுப்பினேன். மூன்று வாரம் கழித்துக் கண்ணாடித் தகடுகள் வந்தன. கட்டியின் உள்சுவரில் ஒரே அடுக்குச் செல்கள், கனசதுர வடிவம், நீர் அழுத்தத்தில் சில இடங்களில் தட்டையாகியிருந்தன. அங்கங்கே சில செல்களின் தலையில் குற்றிழைகள் என்னும் நுண்மயிர்கள், துடைப்பத்தின் நுனி மாதிரி. ஃபாலிக்கிளின் உள்சுவரில் இருக்கும் கிரானுலோசா செல் ஒன்றுகூட இல்லை, அதைச் சுற்றி இருக்க வேண்டிய தீக்கா அடுக்கும் இல்லை. ஆக இது ஃபாலிக்கிள் அல்ல. பியூசெரலினுக்கு அசையாமல் நின்றதும் அதனால்தான். அந்த எல்.எச். வந்து தட்டுவதற்கு இங்கே கதவே இல்லை.

கடைசித் தகடுதான் முக்கியம். கட்டிக்குப் பக்கத்தில், வாசலில், அதே வகைச் செல்களால் ஆன கிளைத்த பிளவுகளும் சின்னக் குழாய்களும் ஒரு கொத்தாக இருந்தன. அவற்றில் ஒன்று நேராகக் கட்டிக்குள் திறந்தது. நண்பர் பேனாவால் வட்டம் போட்டு எழுதியிருந்தார்: "ரீட்டே ஓவாரி. நம்ம படிச்சோமா இதை?"

படித்தோம். ஒன்றரை வரி.

ஒன்றரை வரிக்குள் இருந்தது

ரீட்டே என்றால் லத்தீனில் வலை. சினைப்பை வலை என்று வைத்துக்கொள்ளலாம். 1870இல் ஜெர்மன் உடற்கூறியலாளர் வால்டையர் இதை விவரித்தார். பழைய உடற்கூறியல் நூல்களின் சினைப்பைப் படங்களில் இருந்தது, பின்னால் வந்த பதிப்புகளில் படத்திலிருந்தே காணாமல் போனது. காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். ஆணில் இதற்கு இணையான விரை வலைக்கு எல்லோரும் அறிந்த வேலை இருக்கிறது: விந்தணு விரையிலிருந்து அதன் வழியாகத்தான் வெளியே வருகிறது. பெண்ணில் முட்டை இந்த வழியாக வருவதில்லை, மேற்பரப்பைக் கிழித்துக்கொண்டு வெளியே குதிக்கிறது. வழியாகப் பயன்படாத குழாயை "எஞ்சிய உறுப்பு" என்று எழுதிவிட்டு எல்லோரும் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்கள்.

வலைக்கு மூன்று பகுதிகள். சினைப்பைக்குள், மையத்தில், செல் வடங்களாகவும் குழாய்களாகவும் கிடப்பது ஒன்று. சினைப்பைக்கு வெளியே, வாசலை ஒட்டிய கொழுப்புக்குள் சுருண்டு கிடப்பது இன்னொன்று. இரண்டையும் இணைப்பது மூன்றாவது. நாயிலும் பூனையிலும், மாடு ஆடு செம்மறியிலும் இது நன்றாகவே தெரியும். பிறகு ஏன் நான் பார்த்ததில்லை? நாங்கள் சினைப்பையை எடுத்ததும் முதலில் செய்வது ஒட்டியிருக்கும் கொழுப்பையும் சவ்வையும் கத்தரித்து எறிவது. அப்புறம் புடைப்பின் குறுக்கே வெட்டி, கார்பஸ் லூட்டியத்தை எண்ணுவது. வெளிவலை குப்பைக்குப் போய்விடும், உள்வலை குறுக்குவெட்டில் நாலைந்து சின்ன ஓட்டைகளாகத் தெரியும், ரத்தக்குழாய் என்று நினைத்துக்கொள்வோம். எத்தனை ஆண்டுகள்!

இதன் பிறப்பு சிறுநீரகத்தில். கருவில் முதலில் வேலை செய்யும் சிறுநீரகம் நாம் அறிந்த சிறுநீரகம் அல்ல, மீசோநெஃப்ராஸ் என்ற இடைக்காலச் சிறுநீரகம். செம்மறிக் கருவில் அது பெரிதாக வளர்ந்து, உண்மையாகவே நீர் பிரித்து, 57 நாள் வாக்கில் வற்றிப்போகிறது. சினைக்காலம் ஏறத்தாழ 147 நாள் என்பதால், பாதிகூட ஆகாத காலம். சினைப்பை அதன் மடியிலேயே, ஒட்டிக்கொண்டு வளர்கிறது. மீசோநெஃப்ராஸின் செல்கள் ஓடைகளாகச் சினைப்பைக்குள் நுழைகின்றன. சிறுநீரகம் வற்றினாலும் அந்த ஓடைகள் மட்டும் மிஞ்சுகின்றன. அதுதான் வலை. செம்மறிக் கருவின் சினைப்பை வளர்ச்சியில் மீசோநெஃப்ராஸின் பங்கை ஸம்போனி, பெஸார், மோலியோன் மூவரும் 1979லேயே நுணுக்கமாக எழுதியிருக்கிறார்கள்.

செம்மறியை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டதில் ஒரு வசதி உண்டு. சுண்டெலியில் சினைப்பை உருவானதும் முட்டைச் செல்கள் உடனே குன்றல் பகுப்புக்குள் (குரோமோசோம் எண்ணிக்கையைப் பாதியாக்கும் செல் பிளவு) போய்விடும், எதற்கு அடுத்து எது என்று பிரித்துப் பார்ப்பது கஷ்டம். செம்மறியில் இடைவெளி இருக்கிறது. 35 நாள் வாக்கில் இது சினைப்பை என்று தெளிவாகிவிடும், ஆனால் குன்றல் பகுப்பு தொடங்க 55 நாள் வாக்கில் ஆகும். நடுவில் சுமார் மூன்று வாரம். அந்த மூன்று வாரத்தில் கட்டைவிரல் நகம் அளவுகூட இல்லாத அந்தச் சினைப்பை ஈஸ்ட்ரோஜன் சுரக்கிறது! 75 நாள் வாக்கில் முட்டைச் செல்களின் எண்ணிக்கை உச்சத்தைத் தொடுகிறது, முதல் ஃபாலிக்கிள்களும் அப்போதுதான் உருவாகத் தொடங்குகின்றன. 90 நாளுக்குள் முட்டைச் செல்களில் பெரும்பகுதி அழிந்தும்விடுகிறது. சுண்டெலியில் ஃபாலிக்கிள்கள் பெரும்பாலும் பிறந்த பிறகே உருவாகும். செம்மறியில் வயிற்றுக்குள்ளேயே, மனிதக் கருவைப் போல.

இதை நேரில் பார்க்க ஒரு வாய்ப்பும் வந்தது. ஆவணியில் ஓமலூர்ப் பக்கம் லாரி மோதிச் செத்த ஒரு சினை ஆட்டின் கரு. உச்சியிலிருந்து புட்டம் வரை 10 செ.மீ.க்குச் சற்று மேல், அதனால் 60 நாள் சுமார் என்று மதிப்பிட்டேன். சினைப்பை ஒரு கம்பரிசி அளவு. இந்தமுறை எதையும் கத்தரிக்காமல், சவ்வு, கொழுப்பு, மீசோநெஃப்ராஸின் மிச்சம் எல்லாவற்றோடும் அப்படியே ஃபார்மலினில் போட்டேன். நண்பரிடம் நீளவாக்கில், வாசல் வழியாக வெட்டச் சொன்னேன்.

தகட்டில் முதலில் கண்ணில் பட்டது அடர்ந்த நீலத்தில் ஒரு காம்பு. வாசலில் குழாய்களாகத் தொடங்கி, நடுப்பகுதியில் திடமான வடங்களாக மாறி, புறணியின் உள் விளிம்பில் விரல் விரித்த மாதிரி முடிந்தது. அந்த விரல்நுனிகள் தொடும் இடத்தில், புறணியின் உள்பக்கத்தில், முட்டைச் செல்களின் உட்கரு நூல்கண்டு போலத் திரிந்திருந்தது. குன்றல் பகுப்பின் தொடக்கம். வெளி விளிம்புக்குப் போனால் செல்கள் இன்னும் சாதாரணமாகப் பிளந்து பெருகிக்கொண்டிருந்தன. வலைக்குப் பக்கத்தில் முந்தியது, தள்ளிப் போகப் போகப் பிந்தியது. கருவியல் படித்தவர்களுக்கு இது புதிதில்லை. எனக்கு அந்தத் தகட்டை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை.

என்ன வேலை செய்கிறது?

இதே காட்சியைப் பார்த்துத்தான் டென்மார்க்கைச் சேர்ந்த ஆன் கிரேட்டெ பிஸ்கோ 1974இல் ஒரு கேள்வியை எழுப்பினார்: குன்றல் பகுப்பைத் தொடங்கிவைக்கும் விசை இந்த வலைதானோ? மறு ஆண்டு பூனை, மிங்க், ஃபெரெட் மூன்றிலும் வலைக்கும் முட்டைச் செல்களுக்கும் உள்ள தொடர்பை விரிவாகக் காட்டினார். வலை ஏதோ ஒரு பொருளைச் சுரக்கிறது, அது முட்டைச் செல்லை எட்டுகிறது என்பது அவர் கருத்து. 2006இல் சுண்டெலியில் அந்தப் பொருள் கிடைத்துவிட்டது போலத் தோன்றியது. மீசோநெஃப்ராஸில் உருவாகும் ரெட்டினாயிக் அமிலம், வைட்டமின் ஏ-யின் உறவு. இரண்டு குழுக்கள் தனித்தனியே அதையே சொன்னார்கள். ஆனால் 2020இல் அந்த அமிலத்தைத் தயாரிக்கும் நொதிகளையும், அதை ஏற்கும் வாங்கிகளையும் நீக்கிய சுண்டெலிகளில்கூடக் குன்றல் பகுப்பு நடந்தது. எனவே பிஸ்கோவின் கேள்வி மறுபடி திறந்துகொண்டது. பக்கத்தில் இருப்பதாலேயே ஒன்று இன்னொன்றுக்குக் காரணமாகிவிடாது. கருப்பு வட்டத்தைப் பார்த்துச் சினை என்று சொன்ன எனக்கு இது நன்றாகவே உறைக்கும்.

இரண்டாவது கருத்து: ஃபாலிக்கிளுக்குள் முட்டையைச் சுற்றி நிற்கும் கிரானுலோசா செல்கள் இந்த வலையிலிருந்து வருகின்றன என்பது. செம்மறியில் முதல் ஃபாலிக்கிள்கள் புறணியும் மையமும் சந்திக்கும் கோட்டில், வலையின் நுனிகளுக்கு அருகேதான் உருவாகின்றன என்பதால் இது நம்பும்படியாகவே இருந்தது. ஆனால் 2002இல் நியூசிலாந்தில் சாயர் குழு செம்மறிக் கருக்களை நாள்வாரியாகப் பார்த்து, அந்தச் செல்களில் பெரும்பாலானவை சினைப்பையின் மேற்பரப்பு அடுக்கிலிருந்து வருகின்றன என்ற முடிவுக்கு வந்தது. எனக்கு அந்த முடிவில் சண்டையில்லை. வலையின் பங்கு செல் கொடுப்பது அல்ல என்றால், வேறு என்ன என்பதுதான் கேள்வி.

மூன்றாவதுதான் என் கட்டியோடு நேரடியாகப் பேசுகிறது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் பிளான்ஷ் கேப்பலின் ஆய்வகத்திலிருந்து திலாரா அன்பர்ஜி, ஜெனிஃபர் மக்கீ உள்ளிட்டோர் சுண்டெலியின் வலையை பாக்ஸ்-8 என்ற புரதத்தை அடையாளமாக வைத்து முழுசாக, முப்பரிமாணத்தில் பார்த்தார்கள். வலை முதிர்ந்த விலங்கிலும் மூன்று பகுதிகளோடு அப்படியே இருக்கிறது. வெளிவலை சுருண்ட குழாய், அதன் கடைசி நுனி சின்னப் பை போல விரிந்திருக்கிறது, செல்களில் குற்றிழை இருக்கிறது. அந்த நுனிப் பைக்குள் சாயத்தைச் செலுத்தியபோது அது சினைப்பையை நோக்கி ஓடியது. குழாய்க்குள் இருந்த நீரில் சுரக்கப்பட்ட புரதங்கள் இருந்தன. குழாயைச் சுற்றி ரத்தக்குழாய்களும் நரம்பு நுனிகளும் பின்னிக் கிடந்தன. சுற்றுப்புறத்தை மோப்பம் பிடித்துச் சினைப்பைக்குச் செய்தி அனுப்பும் ஓர் உறுப்பாக இருக்கலாம் என்பது அவர்கள் ஊகம்.

சுண்டெலியில் கண்டது செம்மறிக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் என் தட்டில் கிடந்த பையை இந்தக் கண்ணோடு பார்த்தேன். 8 மி.லி. நீர் எங்கிருந்து வந்தது? ரத்தக்குழாயிலிருந்து கசிந்து தேங்கியது என்று சொல்லலாம். ஆனால் சுவரில் இருப்பது நீர் பிரித்த சிறுநீரகத்தின் வாரிசுச் செல்கள். ஆணில் இதே பரம்பரையில் வந்த வெளியேற்று நாளங்கள் விரையிலிருந்து வரும் நீரில் பெரும்பங்கை உறிஞ்சி எடுத்துவிடுகின்றன. கிடாவில் அந்த நாளம் அடைத்துக்கொண்டால் விரை வீங்கிவிடும். நீரைக் கையாள்வதுதான் இந்தக் குடும்பத்தின் குலத்தொழில். மேட்டூர்க் கால்வாயில் மதகு அடைத்தால் தண்ணீர் மேல்பக்கம்தான் ஏறும், ஏறுகிறது என்றாலே மேலிருந்து வந்துகொண்டிருக்கிறது என்று பொருள். ஓடாத வாய்க்காலை அடைத்தால் எதுவும் தேங்காது. இந்த ஆட்டில் வலையின் ஏதோ ஒரு கிளை அடைபட்டது, நீர் ஓடிக்கொண்டிருந்ததால் அது பையாகியது என்று படிக்கவே எனக்கு விருப்பம்.

நண்பர் ஒத்துக்கொள்ளவில்லை. "எந்த எஞ்சிய குழாயும் வயசானா கட்டியாகும்டா. கினிப்பன்றியில கிழட்டுப் பெண்ணு பாதிக்கு மேல இந்தக் கட்டிதான். வயசான நாய்லயும் உண்டு. அதுக்காக அது வேலை செய்யுதுன்னு சொல்லுவியா?" என்றார். கினிப்பன்றி விஷயம் உண்மைதான், செல்லப்பிராணி வைத்தியர்களுக்கு நன்றாகத் தெரிந்த கட்டி அது. ஆனால் அவர் வாதம் எனக்கு எதிர்ப்பக்கமாகவே கேட்கிறது. சாகும்வரை நீர் சுரக்கத் தெரிந்த செல்லை எதற்காக "எஞ்சியது" என்று அழைக்கிறோம்?

இந்த ஆடு சினைபிடிக்காததற்குக் கட்டிதான் காரணமா?

முழுக்க அப்படிச் சொல்ல மாட்டேன். இடப்பக்கம் புறணி நசுங்கியிருந்தது, குழாய் இழுபட்டிருந்தது. அந்தப் பக்கம் வெளியான முட்டை கருவாகியிருக்க வாய்ப்பு குறைவு. வலப்பக்கமோ எல்லாம் சரி. சினைப்பைகள் முறை போட்டு வேலை செய்வதில்லை. ஆனாலும் ஒன்றரை வருடத்தில் வலப்பக்கத்திலிருந்து பல முட்டை வந்திருக்கும். ஒற்றை முட்டை விடும் இனத்தில் ஒரு பக்கம் போனால் வாய்ப்பு குறையும், பூஜ்யமாகாது. கட்டி ஒரு காரணம், மிச்சத்தை இந்தத் தட்டில் கிடந்தவற்றிலிருந்து என்னால் எடுக்க முடியவில்லை. இரட்டைக் குட்டி போடும் இனமாக இருந்திருந்தால் யாரும் என்னைக் கூப்பிட்டிருக்கவே மாட்டார்கள். ஒற்றைக் குட்டியாகக் குறைந்ததை யார் கவனிக்கப் போகிறார்கள்?

களத்தில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம். செம்மறியின் வயிற்றில் வட்டமான கருப்பு தெரிந்தால், சிறுநீர் விடவைத்தும் போகவில்லை என்றால், ஊசி போடுவதற்கு முன்னால் வைத்திருப்பவரிடம் பருவம் எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று கேளுங்கள். சுழற்சி சரியாக இருந்து, கட்டி அசையாமல் நின்று, அதன் ஓரத்தில் சினைப்பை பிறை போலத் தெரிந்தால், ஹார்மோன் ஊசி வீண்செலவு. இரண்டு வாரம் இடைவெளி விட்டு இரண்டு ஸ்கேன் போதும்.

அந்த அம்மாவிடம் போய் நடந்ததைச் சொன்னேன். சினை என்று சொன்னது என் தப்பு, ஊசிக்கு வாங்கிய காசைத் திருப்பித் தருகிறேன் என்றேன். காசை வாங்கிக்கொண்டார். "கட்டி எங்க இருந்துச்சு?" என்று கேட்டார். உள்ளங்கையில் பிறையும் வட்டமும் வரைந்து காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "முட்டைக்குப் பின்னாடி, வாசப்படியில" என்றார்.

இப்போது பாய் வாரம் இரண்டு மூன்று எடுத்து வைக்கிறார். கொழுப்பை நான் தொடுவதில்லை. வாசலிலிருந்து எதிர்விளிம்பு வரை நீளவாக்கில் ஒரே வெட்டு. இரு பாதியையும் புத்தகம் போலத் திறந்து வெளிச்சத்துக்குச் சாய்த்தால், நடுவில் வெள்ளி நூல் மாதிரி ஒரு கோடு, புறணியின் உள் விளிம்பு வரை போகிறது. கடைசியாக வெட்டிய பதினொன்றில் ஒன்பதில் வெறும் கண்ணுக்கே தெரிந்தது.